மதினி பொறுக்கிய கம்பிகள்

மேலே கிடக்கும் கத்தரிக்காயை மதினி எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவியலுக்கு முன்னால் குந்தி உட்காருவார். கையை அடியில் விட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரலாலேயே துழாவி ஒன்றை வெளியே எடுப்பார். காம்பை ஒரு தரம் நெருடுவார். பிடித்தால் பைக்குள் போகும். பிடிக்காவிட்டால் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போகும். நான் பையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பனியில் நிற்பேன். மன்னவனூரிலிருந்து தன் காட்டுப் பூண்டைக் கொண்டுவரும் சம்சாரி ஒருவர் மதினி வருவதைக் கண்டாலே, "அந்தம்மா வந்துட்டாங்க, குவிச்சத நீங்களே கலைச்சு வச்சிருங்கப்பா" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்கு வந்து அரிந்தால் ஒரு காயில்கூடப் புழு இருக்காது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு வாரமாவது ஒரு புழு இருக்கக் கூடாதா என்று அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டதுண்டு.

மதினி என் வீட்டுக்காரருடைய அக்கா. அவர் பெயரை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுத்தில் மட்டும் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மதினி என்றே இருக்கட்டும்.

நான் பழனிக்காரி. மலையடிவாரத்தில் அப்பாவுக்குப் பூசைச் சாமான் கடை. ஐம்பதுகளின் நடுவில் என்னைக் கொடைக்கானலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தாரோ இல்லையோ, மதினி பார்த்தார். காப்பித் தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைத் தன் மடிக்கு இழுத்தார். உள்ளங்கையைத் திருப்பினார். ஒவ்வொரு விரல் நுனியையும் அமுக்கிப் பார்த்தார். எங்கள் அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு தம்பி பக்கம் திரும்பி, "போதும் தம்பி, இந்தப் புள்ள போதும்" என்றார்.

அந்தப் 'போதும்' என்ற சொல்லை எத்தனையோ வருஷம் மனசில் போட்டுப் புரட்டினேன். நல்ல பெண் என்று சொல்லவில்லை. லட்சணம் என்று சொல்லவில்லை. இதை வைத்துச் சமாளிக்கலாம் என்பதுபோல ஒரு சொல்.

ஏரிக்குப் போகிற இறக்கத்தில் எங்கள் சைக்கிள் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு சாக்குப் படுதா. சீசன் மாதங்களில் ஏரியைச் சுற்றி ஓட்டுவதற்கு வாடகை சைக்கிள் கேட்டு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். எந்த ஆளுக்கு எந்தச் சைக்கிள் என்பதையும் மதினிதான் சொல்வார். படுதாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவரின் செருப்பையும் முழங்காலையும் பார்ப்பார். ஒரு தடவை புதுப் பெண்டாட்டியோடு வந்த ஒருவர், இருப்பதிலேயே உயரமான சைக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். மதினி தம்பியிடம் மெதுவாக, "ஏழாம் நம்பரக் குடு. இவருக்கு ஏறத் தெரியும், எறங்க ஏலாது" என்றார். அவர் காதில் அது விழுந்துவிட்டது. ரோஷத்தோடு உயரமானதையே எடுத்துக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்து முழங்கால்வரை ஏரிச் சேற்றோடு தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வந்தாள். கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். உள்ளே போய் அடுப்பை ஊதும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அந்தக் கடை எப்போதாவது சிரித்திருக்கிறதா?

முடியாது என்பதை 'ஏலாது' என்பார் மதினி. சீக்கிரம் வரச் சொல்ல நாங்கள் வெரசா வா என்றால் அவர் கெதியா வா என்பார். கண்டிச்சீமைப் பேச்சு. சின்ன வயதில் கல்யாணமாகி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அங்கே ஃபாக்டரியில், காய்ந்த தேயிலைத் தூளிலிருந்து காம்பு பொறுக்குகிற வேலை. பல வருஷம் அதே வேலை. புருஷன் காய்ச்சலில் போனபிறகு ஒரு தகரப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"கண்ணால பாத்துப் பொறுக்குனா ஒரு கூடைக்கு ஒரு நாளு ஆகும் புள்ள, கங்காணி உடமாட்டான்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். "விரலப் பழக்கிட்டா கண்ணு வேற எங்கிட்டாவது இருந்துக்கிரும்."

"ஒங்க கண்ணு எங்க மதினி இருக்கும்?"

"சன்னலுக்கு வெளிய" என்றார்.

அந்த விரல்கள் சும்மா இருக்கமாட்டாமல்தான் முதலில் சைக்கிள் கம்பியைத் தொட்டிருக்கின்றன. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பையும் வெளிவளையமான ரிம்மையும் இழுத்துப் பிடிக்கிறதே, அந்தப் போக்ஸ் கம்பி. முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு, பின்சக்கரத்துக்கு நாற்பது. அந்தக் காலத்தில் சீமைச் சாமான் வருவது குறைந்துபோயிருந்தது. உள்நாட்டுக் கம்பி கட்டுக் கட்டாக வரும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலப் பளபளக்கும். கோர்த்த பிறகுதான் எது கழுத்தொடியும், எது நிற்கும் என்று தெரியும். மதினிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

கண்ணாடிப் பலகை ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு கம்பியை அதில் உருட்டுவார். நேரான கம்பி சத்தமில்லாமல் போகும். கோணல் உள்ளது தட்டிக்கொண்டே போகும். அது அப்போதே தகர டப்பாவுக்குள் விழும். பிறகு வளைந்த கழுத்தை நகத்தால் தடவுவார். கொண்டைக்கு அடியில் பிசிறு தட்டினால் அதுவும் டப்பாவுக்குத்தான். மரை உள்ள நுனியில் நிப்பிள் என்கிற சின்னத் திருகாணியை மாட்டி இரண்டு விரலால் சுற்றுவார். கடித்தாலும் ஆகாது, தொளதொளவென்று ஓடினாலும் ஆகாது. கடைசியாகக் காதோரம் பிடித்துச் சுண்டுவார். சரியான கம்பியைப் 'பேசுது' என்பார். மற்றது 'ஊமை'.

அக்காவும் தம்பியும் சாப்பிடும்போதுகூட இதே பேச்சுதான். "அக்கா, அந்த ரெண்டாவது ஹப்பு பேசுதா?" "பேசுது தம்பி, ஆனா ஒரு பக்கம் மொனங்குது. பால்ரஸ் குண்ட மாத்து." நான் நடுவில் நின்று குழம்பு ஊற்றுவேன். ரசம் எப்படி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். சில சமயம் என் வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்லாமல் அக்காவைப் பார்ப்பார், அவர் தலையை ஆட்டுவார், இவர் சிரிப்பார். கட்டிய புருஷன் என்னைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு சிரித்ததில்லை. வேறு ஒருத்தி என்றால் சண்டை போடலாம். கூடப் பிறந்த அக்காவோடு எப்படிச் சண்டை போடுவது?

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு மழைக்கால மத்தியானம் மதினி தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டைப் பிரித்து, அவர் செய்கிறதுபோலவே உருட்டி, தடவி, சுண்டி, நாற்பது கம்பி பொறுக்கிச் சணல் போட்டுக் கட்டி வைத்தேன். என் வீட்டுக்காரர் வந்ததும் நீட்டினேன். ஆச்சரியப்பட்டார். "நீயா பொறுக்குன?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நிமிஷமே அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போய் அக்காவை எழுப்பினார்.

மதினி கட்டைப் பிரித்தார். விரல் ஓடியது. ஒவ்வொன்றாக ஒதுக்கினார். பதினோரு கம்பி. என்னைக் குறை சொல்லவில்லை. "மத்ததெல்லாம் சரி" என்றுதான் சொன்னார். என் வீட்டுக்காரர் அந்தப் பதினொன்றையும் டப்பாவில் போட்டுவிட்டு, "நீ போய் உலையப் பாரு" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இதெல்லாம் பாசாங்கு. கம்பி என்றால் கம்பிதான். இந்தப் பொம்பளை உருட்டுவதும் சுண்டுவதும் தம்பியைக் கைக்குள் வைத்துக்கொள்ள ஒரு வித்தை. இதை என்றைக்காவது நான் காட்டிக்கொடுப்பேன்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து டிரில் மாஸ்டர் வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர். நெட்டையான, கலகலப்பான மனிதர். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து கியர் வைத்த பந்தயச் சைக்கிள் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. உடல் ஒரு கையால் தூக்கலாம்போல லேசு. சக்கரங்கள் மட்டும் கொட்டகையில் கிடந்து துருவேறிப் போயிருந்தன.

"மலை ரோட்டுல வத்தலக்குண்டு வரைக்கும் எறங்கி, அன்னிக்கே திரும்ப ஏறி வரணும்னு ஆசை" என்றார் மாஸ்டர். "நல்லதா ரெண்டு சக்கரம் கோத்துக் குடுங்க. உங்க அக்காதான் சாமான் பொறுக்குவாங்கன்னு சொன்னாங்க. அதான் மதுரைக்குப் போகாம இங்க வந்தேன்."

அந்தச் சக்கரங்களுக்குச் சாமான் தேடியதுபோல என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு சேலைகூடத் தேடியதில்லை. மதுரைக்கு இரண்டு தடவை போனார். மூன்று ஜோடி ஹப் வந்தது. மதினி ஒவ்வொன்றின் அச்சையும் இரண்டு விரலில் பிடித்துச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் அந்தச் சைக்கிளோடு வந்த பழைய ஹப்பையே பொறுக்கினார். "துரு மேலதான். உள்ள பாலா ஓடுது. புது பால்ரஸ் போட்டாப் போதும்."

ரிம்மில்தான் தர்க்கம் வந்தது. தம்பிக்குப் பிடித்தது இரும்பு ரிம். மினுமினுப்பாக முலாம் பூசியது. இன்னொன்று அலுமினியம், லேசு, ஆனால் மங்கல். "அலுமினியம் நெளிஞ்சிரும்க்கா. மாஸ்டர் நல்ல கனம்" என்றார் என் வீட்டுக்காரர். மதினி ஒரு சொம்புத் தண்ணீரை இரண்டு ரிம்மிலும் ஊற்றினார். பிரேக் கட்டையைக் கையில் எடுத்து இரும்பின்மேல் அழுத்தி இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. அலுமினியத்தின்மேல் இழுத்தார், பிடித்து நின்றது.

"இந்த ஊருல வருசத்துல பாதி நாளு மழையும் மூட்டமும்தான் தம்பி. எறக்கத்துல நிக்க வேணாமா?" என்றார்.

பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் கை தட்டினார். "அம்மா, நீங்க எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து பாடம் எடுக்கலாம்" என்றார். மதினி வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே வந்தார். உள்ளே நான் நின்றுகொண்டிருந்தேன். படுதா இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

பின்சக்கரத்துக்கு நாற்பது கம்பி பொறுக்க மதினிக்கு மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் மத்தியானம் மூட்டம் இறங்கிக் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பிரேக் சாமான் வாங்க மூஞ்சிக்கல் பக்கம் போயிருந்தார். மதினி குளிக்கப் போயிருந்தார். கட்டு பலகைமேல் கிடந்தது. கழித்துப் போட்ட டப்பா பக்கத்திலேயே இருந்தது. நான் சணலை அவிழ்த்தேன். ஆறு கம்பியை எடுத்துவிட்டு டப்பாவிலிருந்து ஆறு கம்பியைச் சேர்த்தேன். முன்புபோலவே முடிச்சுப் போட்டேன்.

அந்த மனிதர் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இது சத்தியம். அவர் நன்றாகப் போய் நன்றாகத் திரும்பி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். வந்ததும், எல்லார் முன்னாலும், "மதினி கழிச்ச கம்பி ஆறு அதுலதான் இருக்கு, பாத்துக்கங்க" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான். ஆனால் நினைத்ததற்கும் நடந்ததற்கும் நான் ஒருத்திதான் பொறுப்பு.

சக்கரம் கோர்த்து, கோட்டம் நிமிர்த்தி முடிந்ததும் மதினி வழக்கம்போல ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் கை நின்றது. மறுபடியும் சுண்டினார். இன்னொன்று. முகம் மாறியது.

"தம்பி, இதுல ஒன்னு ரெண்டு பேசல."

"நீங்க பொறுக்குனதுதானக்கா?"

"நான் பொறுக்குனதுதான்." மதினி தன் விரல்களைத் தூக்கிப் பார்த்தார். "குளுருல காது அடைச்சுக்கிச்சு போல" என்று மெதுவாகச் சொன்னார். பிரித்துவிடலாமா என்று கேட்டார். மாஸ்டர் மறுநாள் காலையில் கிளம்புகிறாரே என்றார் என் வீட்டுக்காரர். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதினி சந்தேகப்பட்டு, தன்னையே சந்தேகப்பட்டு, அப்படி நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அது இனித்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மாஸ்டர் வெள்ளனே கிளம்பிவிட்டார். பத்து மணி வாக்கில் பெருமாள்மலையிலிருந்து ஏறி வந்த காய்கறி லாரி எங்கள் கடை முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி, "உங்க கடையில கோத்த சக்கரந்தான?" என்றார். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் வேகமாக இறங்கும்போது பின்சக்கரக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்து, சக்கரம் எட்டுப்போல முறுக்கிக்கொண்டதாம். மாஸ்டரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். வலது தோள் எலும்பும் மணிக்கட்டும் முறிவு. பள்ளம் இடது பக்கம். விழுந்தது வலது பக்கம். அதனால் உயிர் தப்பியது.

என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து சக்கரத்தை இறக்கிக் கடைக்குள் கொண்டுவந்து போட்டார். பிறகு, என் கல்யாணத்துக்குப் பின் முதல் தடவையாக, அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

"என்னத்தக்கா பொறுக்குனீங்க? மூணு நாளு பொறுக்குனீங்களே! ஒரு உசுரு போகப் பாத்துச்சே!"

எத்தனை வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது. அடுப்படியில் நின்று கேட்டேன். "என் கையிலதான் தப்பிருச்சு தம்பி" என்றார் மதினி.

ஊரில் பேச்சு பரவ ஒரு நாள் போதுமாக இருந்தது. பொம்பளை பொறுக்கிய கம்பி என்றார்கள். கோர்க்கக் கொடுத்திருந்த சக்கரங்களை இரண்டு பேர் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். மாஸ்டரும் தன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார். அவர் வலி அவருக்கு. மதினி தினமும் கஞ்சி காய்ச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தூக்குச்சட்டியை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். மாஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் மதினி தலை குனிந்து நிற்பார். நான் வாசலோடு நின்றுவிடுவேன்.

அந்த நாட்களில் மதினி எதையும் பொறுக்கவில்லை. முக்காலி காலியாகக் கிடந்தது. அரிசியில் கல் பொறுக்கும் முறத்தைக்கூட என் பக்கம் தள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனோம். கத்தரிக்காய்க் குவியல் முன்னால் குந்தவில்லை. நின்றுகொண்டே, "நீங்களே போடுங்கப்பா" என்றார். கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலே கிடந்ததை அள்ளிப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அரிந்தேன். இரண்டாவது காயில் புழு.

அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், சரளைப் பாதையில், நான் நின்றுவிட்டேன்.

"மதினி, அந்தக் கம்பி ஒங்க கையில தப்பல. நாந்தான் மாத்தி வச்சேன். டப்பாவுல இருந்து ஆறு கம்பி."

அடிப்பார் என்று நினைத்தேன். மண்ணை அள்ளித் தூற்றினாலும் வாங்கிக்கொள்வது என்றிருந்தேன். மதினி என்னைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"அப்ப... என் விரலு செத்துப் போகலியா?"

"இல்ல மதினி."

பாதையோரப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. கட்டை விரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பதினோரு நாளா, சோறு பெசையக்கூடப் பயந்துக்கிட்டுப் பெசைஞ்சேன் புள்ள" என்றார்.

நான் செய்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. மாஸ்டரின் கை ஒடிந்தது வெளியே தெரிந்தது; இது தெரியவில்லை. ஆனாலும் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. போய்விட்டது என்று நினைத்தால் பதினோரு நாள் சோறு இறங்காமல் போகிற அளவுக்கு இந்த மனுஷியிடம் ஒன்று இருக்கிறது. திரும்பி வந்தால் பாதையோரத்தில் உட்கார்ந்து சிரிக்கிற அளவுக்கு. என்னிடம் அப்படி என்ன இருக்கிறது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது மதினியின் முகம் வேறாக இருந்தது.

"அந்த மனுசன் கை ஒடிஞ்சு கெடக்காரே, அவருக்கு என்னா சொல்லப் போற?"

நான் காலித் தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டேன்.

"திரும்பு. இப்பவே போவோம். நீயே சொல்லு. நான் வெளிய நிக்கிறேன்."

சொன்னேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அந்தம்மாவப் பத்தி நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே" என்றார் மாஸ்டர். "நீங்க எங்கிட்டச் சொன்னது சரி. நான் குறை சொன்ன எடத்துலயெல்லாம் போய்ச் சொல்லுவீங்களா? என்னால எந்திரிச்சுப் போக முடியாது."

போனேன். பள்ளிக்கூட ஆபீஸில் சொன்னேன். சக்கரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன இரண்டு பேர் வீட்டிலும் சொன்னேன். பெருமாள்மலை லாரி நிறுத்தத்தில் அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். டிரைவர் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார்.

என் வீட்டுக்காரரிடம் மதினி சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பொங்கல்வரைக்கும் பேசவில்லை. அன்று சாயங்காலம் அக்காவுக்கு முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மதினி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புதுக் கட்டு ஒன்னப் பிரி தம்பி, சோலியப் பாப்போம்" என்றார்.

மறுவருஷம் மாஸ்டர் மறுபடியும் சக்கரம் கேட்டு வந்தார். தோள் முழுதாக உயரவில்லை. சட்டை மாட்ட இடது கையால் வலது கையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. ஆனாலும் வந்தார். அதே அலுமினிய ரிம், அதே மாதிரி பழைய ஹப், மதினி பொறுக்கிய கம்பி. ஒரு சனிக்கிழமை வத்தலக்குண்டுக்கு இறங்கி, மூட்டம் கவிவதற்குள் ஏறி வந்துவிட்டார். கடை முன்னால் கூட்டம். இறங்கியவர் என் வீட்டுக்காரரைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேரே முக்காலிக்குப் போய்க் குனிந்து மதினியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மதினி வெலவெலத்துப் போய், "ஐயோ சார், கிரீஸு, கிரீஸு" என்று கையை இழுத்துக்கொண்டார்.

அந்த விபத்துக்குப் பிறகு மதினி ஒன்றே ஒன்றுதான் மாற்றினார். பொறுக்கிய கம்பிகளைத் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். ஒளித்துச் செய்யவில்லை, நான் பார்க்கப் பார்க்கத்தான் செய்தார். மற்றபடி என்னிடம் ஒருநாளும் முகம் கோணியதில்லை. பிரசவத்துக்கு மூன்று மாதம் என்னை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார். என் மகளைத் தன் மடியிலேயே வளர்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் நெஞ்சுச் சளியில் விழுந்தார். இரண்டு மாதம் படுக்கை. குளிப்பாட்டியதும் கஞ்சி புகட்டியதும் நான்தான். எல்லாவற்றையும் பேசாமல் வாங்கிக்கொண்டார். சேலை மாற்றும்போதெல்லாம் சாவி என் விரலில் தட்டும். நான் அதைத் தொடாமல் முடிச்சை மாற்றிக் கட்டிவிடுவேன். அவருக்கு அது தெரியும்.

ஒரு காலை நேரம், வெயில் நன்றாக வந்திருந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் எட்ட, வாசற்படிக்கு அருகில் நின்றிருந்தார். மதினி மெதுவாக இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். சாவியை எடுத்தார். என் கை அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைத் தாண்டி நீட்டி, "தம்பி, இந்தா" என்றார். அவர் வந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் மலமும் மூத்திரமும் அள்ளியவள் நான். கொஞ்சம் நேரம் அப்படித்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். பிறகு என் மடியில் கிடந்த அந்த முகத்தைப் பார்த்தேன். அதில் எனக்காக ஒரு வெறுப்பும் இல்லை. யோசித்துப் பார்த்தால், அன்றைக்கும் அவர் சரியாகத்தான் பொறுக்கினார்.